முழு இருதயம்னா எவ்வளவு? களக்காட்டில் ஒரு குழி, டோனாவூரில் ஒரு கட்டில்

இந்த எபிசோடை ஆடியோவில் கேட்டவர்கள் பலர் எழுத்தில் வேணும்னு கேட்டிருந்தீங்க. பேசினதைக் கொஞ்சம் சீர்படுத்தி இங்கே தருகிறோம்.

இரண்டு வாரம் முன்னாடி ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். சென்னையில் ஐடி வேலை, பிஜியில் தங்கியிருக்கான். "அண்ணா, யூத் கேம்ப்ல மூணு தடவை முன்னாடி போய் அர்ப்பணிச்சிட்டேன். மூணு தடவையும் நிஜமாவே அழுதேன். மூணு தடவையும் ரெண்டு வாரத்துல பழையபடி ஆயிட்டேன். ஆண்டவரை முழு இருதயத்தோட நேசிக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அது வரவே வராதா?"

அந்தக் குரலில் நடிப்பே இல்லை. அதனால உடனே பதில் அனுப்ப எனக்குக் கை வரலை. "இன்னும் அதிகமா ஜெபி தம்பி"ன்னு ஒரு வரி அனுப்பிட்டுப் போயிருக்கலாம். ஆனா அவன் கேட்ட கேள்வி என் கேள்வியும்தான். உங்களில் பல பேரோட கேள்வியா இருக்கும்.

இன்னைக்கு இதைத்தான் பேசப்போறோம். முழு இருதயம்னா என்ன? அது ஒரு உணர்ச்சியா? ஒரு வேலையா? வேலையை விட்டுட்டு முழுநேர ஊழியத்துக்குப் போனவங்களுக்கு மட்டும்தானா? இதுக்குப் பதில் தேட உங்களை ஒரு ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். அதுக்கு முன்னாடி வேதத்தில் ஒரு அதிகாரம்.

ஒரே அதிகாரத்தில் இரண்டு "முழு"

மாற்கு 12-ம் அதிகாரம். ஒரு வேதபாரகர் இயேசுவிடம் வந்து, கட்டளைகளில் எது முதன்மைன்னு கேட்கிறார். இயேசு உபாகமம் 6-ம் அதிகாரத்தை எடுத்துச் சொல்கிறார். இருதயம், ஆத்துமா, மனம், பலம் என்று நான்கு சொற்கள். நான்குக்கும் முன்னாடி "முழு" வருது. இது நமக்கு மனப்பாடம். சண்டே ஸ்கூலில் வசனம் சொல்லி ஸ்டிக்கர் வாங்கினவங்கதானே நாம.

நாம பொதுவா இதை எப்படிப் புரிஞ்சுக்கிறோம்? மொபைல் பேட்டரி மாதிரி. நூறு சதவீதம் இருந்தா முழு இருதயம். கேம்ப் கடைசி ராத்திரியில் நூறு. திங்கட்கிழமை காலையில் எழுபது. வெள்ளிக்கிழமை டெட்லைன் வந்தா பத்து, சிவப்பு லைட். அடுத்த கேம்ப்பில் திரும்ப சார்ஜ்.

அதே அதிகாரத்தின் கடைசிக்கு வாங்க. தேவாலயக் காணிக்கைப் பெட்டி. பணக்காரர்கள் நிறையப் போடுறாங்க. ஒரு ஏழை விதவை இரண்டு சின்னக் காசு போடுறாங்க. எல்லாரையும் விட இவங்கதான் அதிகம் போட்டாங்கன்னு இயேசு சீஷர்களைக் கூப்பிட்டுச் சொல்கிறார். ஏன்னா மற்றவர்கள் மிச்சத்திலிருந்து கொடுத்தாங்க. இவங்க தன் பிழைப்பு முழுவதையும் கொடுத்துட்டாங்க.

கிரேக்க மூலத்தில் முழு இருதயத்துக்கும் இந்த விதவையின் முழு பிழைப்புக்கும் ஒரே சொல்தான், "ஹோலோஸ்". மாற்கு ஒரே அதிகாரத்தில் முதலில் கட்டளையைச் சொல்லிட்டு, கடைசியில் அதைச் செய்து காட்டின ஒரு ஆளையும் நிறுத்துகிறார். அந்த ஆள் ஒரு பிரசங்கியார் இல்லை. மேடையில் நின்றவங்க இல்லை. பேர்கூட எழுதப்படலை.

அப்போ "முழு" என்பது அளவைப் பற்றியது இல்லை. இரண்டு காசு ஒரு அளவே இல்லையே. தனக்குன்னு தனியா எடுத்து வைக்காததுதான் முழுமை. "இது ஆண்டவருக்கு, இது எனக்கு"ன்னு நடுவில் கோடு போடாத இருதயம். 86-ம் சங்கீதத்தில் தாவீதும், தன் இருதயத்தைச் சிதறவிடாமல் ஒருமுகமாக்கித் தரச் சொல்லிக் கேட்கிறான். அவன் கேட்டது ஒன்றாக இருக்கிற இருதயம்.

கேட்க நல்லா இருக்கு. வாழ்க்கையில் இது எப்படி இருக்கும்? அதுக்குத்தான் அந்த ஊர்.

களக்காடு

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகிற வழியில் நாங்குநேரி. அங்கிருந்து மேற்கே மலையைப் பார்த்துப் போனா களக்காடு. சுத்தி வாழைத்தோட்டம், பின்னாடி மேற்குத் தொடர்ச்சி மலை. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம்னு நியூஸில் கேட்டிருப்பீங்களே, அந்தக் களக்காடுதான். எங்க சொந்த ஊர் அதுக்குப் பக்கம்.

போன வருஷம் எங்க அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. இடது பக்கம் வரலை. நான் லேப்டாப்பைத் தூக்கிட்டு ஊருக்குப் போனேன். மூணு மாசம். பகலில் வேலை, நடுவில் அப்பாவைக் குளிப்பாட்டுறது, பெட்பேன் எடுக்கிறது, பிசியோதெரபிக்கு ஆட்டோ பிடிக்கிறது. சபையில் வர்ஷிப் டீம், பைபிள் ஸ்டடி, இந்தப் பாட்காஸ்ட், எல்லாம் நின்னுபோச்சு. உண்மையைச் சொல்றேன், என் மனசில் ஓடினது இதுதான்: "ஆண்டவரே, இது முடிஞ்சதும் திரும்ப உமக்கு ஊழியம் செய்ய வந்துடுறேன்." ஏதோ லீவு லெட்டர் கொடுத்த மாதிரி.

அந்த நாட்களில்தான் பக்கத்து டோனாவூரைப் பற்றித் திரும்பப் படிக்க ஆரம்பிச்சேன். சின்ன வயசிலிருந்து பஸ்ஸில் கடந்துபோன ஊர். களக்காட்டுக்குத் தெற்கே கொஞ்ச தூரம்தான். அந்த ஊர் பேரே கொஞ்சம் விசித்திரம். 19-ம் நூற்றாண்டில் ரேனியஸ் ஐயர் காலத்தில் உருவான கிறிஸ்தவக் குடியிருப்பு அது. அங்கே ஆலயம் கட்டப் பணம் கொடுத்தவர் பிரஷ்யாவைச் சேர்ந்த டோனா பிரபு. அவர் பேரோடு நம்ம "ஊர்" சேர்ந்து டோனாவூர்.

அங்கே வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மாவைப் பற்றி சண்டே ஸ்கூலில் ஒரு கதை கேட்டிருப்பீங்க. நீலக் கண் வேணும்னு ஜெபம் பண்ணின சின்னப் பொண்ணு, பழுப்புக் கண்ணே இருந்துடுச்சு, பிறகு இந்தியாவில் அதுவே உதவியா இருந்தது. நல்ல கதை. ஆனா அதோட நிறுத்திட்டா முக்கியமானது போயிடும்.

"இது ஊழியமா?"

ஏமி 1867-ல் இன்றைய வட அயர்லாந்தில் ஒரு கடலோரக் கிராமத்தில் பிறந்தவர். 1895-ல் இந்தியா வந்தார். அதுக்குப் பிறகு 1951-ல் இறக்கும்வரை ஒரு தடவைகூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகலை. ஐம்பத்தைந்து வருஷம். அந்தக் காலத்து மிஷனரிகளுக்குச் சில வருஷத்துக்கு ஒரு முறை நீண்ட விடுப்பு உண்டு. அவர் அதை எடுக்கவே இல்லை.

திருநெல்வேலிக்கு வந்ததும் தாமஸ் வாக்கர் என்ற மிஷனரியிடமும் அவர் மனைவியிடமும் தங்கித் தமிழ் படித்தார். தமிழ்ப் பெண்கள் சிலரோடு சேர்ந்து மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போய்ச் சுவிசேஷம் சொன்னார். அந்தக் குழுவில் முக்கியமானவர் பொன்னம்மாள், இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். ஊழியத்துக்காக அவர் நகைகளைக் கழற்றி வைத்தார். நம்ம பக்கத்தில் ஒரு பெண் நகை இல்லாமல் வெளியே வருவது குடும்பத்துக்கே அவமானம்னு பார்க்கப்பட்ட காலம் அது.

இப்போ அந்தக் குழுவை நினைச்சுப் பாருங்க. பயணம், பிரசங்கம், ஆத்தும ஆதாயம். "முழு அர்ப்பணிப்பு"ன்னு நாம சொன்னா நம் மனசில் வர்ற படம் இதுதான்.

1901 மார்ச் மாதம். அப்போது பண்ணைவிளையில் இருந்த ஏமியிடம் ஏழு வயசு மதிக்கத்தக்க ஒரு சிறுமி வந்து சேர்கிறாள். கோவிலுக்கு நேர்ந்துவிடுவதற்காக ஒரு வீட்டில் வைக்கப்பட்டிருந்தவள். அதுக்கு முன்னாடி ஒரு தடவை தப்பித்துப்போய்ப் பிடிபட்டபோது அவள் கைகளில் சூடு போட்டிருந்தார்கள். அவள் வாய் வழியாகத்தான் அந்த உலகம் ஏமிக்குத் தெரிய வருது.

இங்கே ஒரு விஷயம் சொல்லணும். இதை "கிறிஸ்தவர்கள் நல்லவர்கள், மற்றவர்கள் கெட்டவர்கள்"ன்னு சொல்ற கதையாகக் கேட்காதீங்க. தேவதாசி முறையை எதிர்த்துச் சட்டமன்றத்தில் போராடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அந்த முறைக்குள்ளிருந்தே வந்து எதிர்த்து எழுதியவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். 1947-ல் சென்னை மாகாணத்தில் தடைச் சட்டம் வந்ததுக்குப் பின்னால் இப்படிப் பல பேருடைய உழைப்பு இருக்கு.

சரி, கதைக்கு வருவோம். ஒரு குழந்தை வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு கைக்குழந்தைகள். 1904-க்குள் பதினேழு பேர். 1913-க்குள் நூற்றுக்கும் மேல். கைக்குழந்தைகளை வெச்சுக்கிட்டு மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போக முடியுமா? முடியாது. பிரசங்கப் பயணம் மெல்ல நின்றது. பால் காய்ச்சுறது, துணி துவைக்கிறது, ராத்திரி முழுக்க அழுகிற குழந்தையைத் தூக்கிட்டு நடக்கிறது, இதுவே நாளாச்சு.

ஏமிக்கே அப்போ ஒரு கேள்வி வந்தது. எத்தனையோ கிராமங்களுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாமே, அதையெல்லாம் விட்டுவிட்டு நாம் வெறும் தாதிகளாகிவிடுவது சரியா? வெளியிலிருந்தும் இதே கேள்வி வந்தது. சுவிசேஷம் சொல்ல வந்தவங்க பிள்ளை வளர்க்கலாமா?

அவருக்குக் கிடைத்த பதில் யோவான் 13. இயேசு மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சீஷர்களின் கால்களைக் கழுவுகிற இடம். எஜமான் அந்த வேலையைத் தனக்குக் கீழானதாக நினைக்கலைன்னா, வேலைக்காரனுக்கு எது கீழானது?

இதைக் கொஞ்சம் கவனிங்க. ஏமி ஏற்கெனவே வீட்டை, நாட்டைக் கொடுத்துவிட்டு வந்தவர். இப்போ கொடுக்க வேண்டியிருந்தது வேற ஒன்று. "ஆண்டவருக்காக நான் செய்கிற வேலை எப்படி இருக்கணும்"னு தன் மனசில் இருந்த படம். நமக்கும் பல நேரம் அதுதான் கடைசியாகக் கையைவிட்டுப் போகிற பொருள்.

பொன்னம்மாளின் கணக்கு

கைக்குழந்தைகளுக்கு நோய் வந்தால் பார்க்க டோனாவூரில் அப்போது மருத்துவமனை இல்லை. அதனால் நெய்யூரில், லண்டன் மிஷன் மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு குழந்தைகள் காப்பகம் வைத்தார்கள். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம், அப்போது திருவிதாங்கூர். அதைப் பார்த்துக்கொண்டவர் பொன்னம்மாள்.

தாய்ப்பால் இல்லாத குழந்தைகளை உயிரோடு வைப்பது அந்தக் காலத்தில் எவ்வளவு கஷ்டம்னு யோசிங்க. ஃப்ரிட்ஜ் இல்லை, ஆன்டிபயாடிக் இல்லை. பாலை எவ்வளவு தண்ணீர் சேர்த்துக் கலக்கணும், பாத்திரத்தை எப்படிக் கொதிக்க வைக்கணும், எந்தக் குழந்தைக்கு எத்தனை மணிக்கு, எல்லாத்தையும் அவர் கற்றுக்கொண்டார். குழந்தைகளின் கழிவைச் சுத்தம் பண்ணுவது தங்களுக்குத் தகாத வேலைன்னு மற்ற பெண்கள் தயங்கியபோது, பேசிப் புரியவைக்க அவர் முயற்சி பண்ணலை. தானே எடுத்துச் செய்தார். ஒரு கட்டத்தில் நெய்யூரில் வயிற்றுப்போக்கு பரவிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. அதுக்கு நடுவிலும் மீதமிருந்த குழந்தைகளுக்குப் பால் கலக்க வேண்டியிருந்தது. கலக்கினார்.

பொன்னம்மாள் 1915-ல் புற்றுநோயால் இறந்தார். அவரைப் பற்றி ஏமி ஒரு புத்தகமே எழுதினார்.

அடுத்த வருஷம், 1916-ல், டோனாவூரில் சில இளம்பெண்களைச் சேர்த்து ஏமி ஒரு சிறு குழுவைத் தொடங்கினார். அதன் பெயரைத் தமிழில் "பொது வாழ்வின் சகோதரிகள்"னு சொல்லலாம். அந்தப் பெயர் 14-ம் நூற்றாண்டு நெதர்லாந்திலிருந்து வந்தது. கெயர்ட் குரூட் என்பவரின் தூண்டுதலில் அங்கே "பொது வாழ்வின் சகோதரர்கள்" என்ற இயக்கம் உருவானது. அவர்கள் மடத்துக்குள் போய்ச் சபதம் எடுக்கலை. ஊருக்குள்ளேயே சேர்ந்து வாழ்ந்து, கையால் புத்தகங்களைப் படியெடுத்துப் பிழைத்து, அந்த வேலைக்குள்ளேயே ஜெபித்தவர்கள்.

டோனாவூர்ப் பெண்கள் இதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒரே பாடம்: ஆவிக்குரிய வேலை, சாதாரண வேலைன்னு இரண்டு அலமாரி கிடையாது. ஜெபக் கூட்டமும் பால் பாட்டில் கழுவுவதும் ஒரே அலமாரி. நான் முன்னாடி சொன்ன கோடு ஞாபகம் இருக்கா? அந்தக் கோட்டை அழிக்கிற முயற்சி இது.

1931 அக்டோபர் 24

இப்போ திரும்பக் களக்காட்டுக்கு வருவோம்.

1931-ல் ஏமிக்கு அறுபத்துமூன்று வயது. டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், பள்ளி, மருத்துவமனை. அந்த மருத்துவமனைக்கு அழகான பெயர் வைத்திருந்தார்கள், பரம சுகசாலை. அந்த மருத்துவ ஊழியத்தைக் களக்காட்டுக்கும் கொண்டுபோகணும்னு அங்கே ஒரு வீட்டைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அக்டோபர் 24, சாயங்காலம். வேலை எப்படிப் போகுதுன்னு பார்க்க ஏமி களக்காட்டுக்குப் போனார். இருட்டத் தொடங்கும் நேரம். இருக்கக் கூடாத இடத்தில் ஒரு குழி தோண்டிப்போட்டிருந்தார்கள். கவனிக்காமல் அதில் விழுந்தார். கால் எலும்பு முறிந்தது, கணுக்கால் பிசகியது. சில வாரத்தில் சரியாகிவிடும்னுதான் எல்லாரும் நினைத்தார்கள். சரியாகவே இல்லை. ஒன்றன் பின் ஒன்றாக வேறு உபாதைகள் சேர்ந்தன. அதுக்குப் பிறகு கிட்டத்தட்ட இருபது வருஷம் அவர் வாழ்க்கை பெரும்பாலும் ஒரே அறைக்குள். 1948-ல் அந்த அறைக்குள்ளேயே திரும்ப விழுந்தார். அதோட முழுக்கப் படுக்கை. 1951 ஜனவரி 18-ல் இறந்தார்.

அன்று காலையில்தான் அவர் ஆண்டவரிடம், உமக்கு ஏற்றபடி சேவை செய்ய என்னைத் தகுதியாக்க எது வேண்டுமானாலும் செய்யும் என்ற அர்த்தத்தில் ஜெபித்திருந்தார்னு அவருடைய வாழ்க்கை வரலாற்றில் வருது. சில பிரசங்கங்களில் இதை, ஜெபத்துக்குப் பதிலாக ஆண்டவரே குழிக்குள் தள்ளின மாதிரி சொல்வாங்க. எனக்கு அப்படிச் சொல்ல தைரியம் இல்லை. குழியைத் தப்பான இடத்தில் தோண்டினது மனுஷன். ஆனா இது மட்டும் சொல்லலாம்: காலையில் ஜெபத்தில் திறந்த கையை, சாயங்காலம் விழுந்த பிறகு அவர் மூடலை.

நடக்கிறது, குழந்தைகளைத் தூக்குறது, மலைக்குக் கூட்டிட்டுப் போறது, வேலையை மேற்பார்வை பார்க்கிறது, எல்லாம் போச்சு. 1901-ல் கிராமப் பிரசங்கத்தை விட்டுவிட்டு எந்த வேலையை ஏற்றுக்கொண்டாரோ, அதுவும் போச்சு. பிரசங்கியாக வந்தவர் தாதியானார். இப்போ தாதியே நோயாளியாகிவிட்டார்.

"ஆனா படுக்கையிலிருந்தே பத்துக்கும் மேற்பட்ட புத்தகம் எழுதினாரே, ஆண்டவர் அப்பவும் பயன்படுத்தினாரே"ன்னு நாம உடனே சொல்லிடுவோம். உண்மைதான். ஆனா அப்படிச் சொல்றப்போ நாம திரும்ப அளவு பார்க்க ஆரம்பிச்சிடுறோம், இல்லையா? புத்தகமே எழுதாம இருந்திருந்தா? வலியில் தூக்கம் வராத ராத்திரிகளில் எதுவும் உற்பத்தி ஆகலை. அந்த ராத்திரிகள் வீணா?

அந்தப் புத்தகங்களில் ஒன்று நோயாளிகளுக்கு எழுதின கடிதங்களின் தொகுப்பு. அதை எழுதக் காரணமே, ஆரோக்கியமா இருக்கிறவங்க நோயாளிகளுக்கு எழுதுகிற ஆறுதல்கள் படுக்கையில் கிடந்தபோது அவருக்கு ஒட்டவே இல்லை என்பதுதான். நின்றுகொண்டு பேசுகிறவர்களின் வார்த்தை, படுத்திருக்கிறவர்களுக்கு மேலே எங்கேயோ போகுது. அதனால் படுத்திருக்கிற ஒருத்தியாக அவர் எழுதினார்.

அவர் கல்லறையில் பேர் பொறித்த கல் வேண்டாம்னு முன்பே சொல்லியிருந்தார். இன்று டோனாவூரில் அந்த இடத்தில் மரத்தடியில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி இருக்கு. அதில் ஒரே ஒரு சொல்: அம்மை.

இரண்டு எச்சரிக்கை

இதைக் கேட்டுட்டு யாராவது தவறான பக்கம் போயிடக் கூடாது. அதனால இரண்டு விஷயம்.

ஒன்று, முழு இருதயம் உள்ள மனுஷங்க குறையில்லாத மனுஷங்க இல்லை. ஏமி கண்டிப்பானவர். அவரோடு சேர்ந்து வேலை செய்வது எல்லாருக்கும் எளிதாக இருக்கலை. 1920-களில் டோனாவூருக்கு வந்த இளைஞர் ஸ்டீபன் நீல் கருத்து வேறுபாட்டோடு வெளியேறினார். அதே நீல்தான் 1939-ல் திருநெல்வேலியின் பிஷப் ஆனார். இரண்டு பேருமே ஆண்டவரை உண்மையாக நேசித்தவர்கள். ஒன்றாக இருக்க முடியலை. அர்ப்பணிப்பு இருந்தால் எல்லாரும் நம்மோடு ஒத்துப்போவாங்க, நாம சொல்றதுதான் சரின்னு ஆகிடாது.

இரண்டு, ஆண்டவருக்கு முழுமையாகக் கொடுப்பதும் ஒரு தலைவருக்கோ சபைக்கோ முழுமையாக அடங்கிப்போவதும் வேற வேற. "நீ முழு இருதயத்தோட இருந்தா லீவு கேட்க மாட்டே, கேள்வி கேட்க மாட்டே"ன்னு யாராவது சொன்னா, அங்கே கொஞ்சம் நின்னு யோசிங்க. அந்த விதவையைக் காசு போடச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தலை. விதவைகளின் வீடுகளைச் சுரண்டுகிற மதத் தலைவர்களை இயேசு கண்டிப்பது, இரண்டு காசுக்கு நேர் முன்னாடி, அதே மாற்கு 12-ல்தான். அதையும் சேர்த்துப் படிங்க.

தம்பிக்கும் நமக்கும்

சரி தம்பி, உன் கேள்விக்கு வர்றேன். மூணு தடவை அழுதே, மூணு தடவை குறைஞ்சுடுச்சு. அழுதது பொய் இல்லை. ஆனா நீ அளந்துக்கிட்டு இருந்தது உணர்ச்சியை. உணர்ச்சி குறையும். காதலில், வேலையில், எல்லாத்திலும் அப்படித்தான். அது குறைஞ்சதனால உன் இருதயம் பின்வாங்கிடுச்சுன்னு அர்த்தம் இல்லை.

அளக்கிறதை விட்டுட்டு வேற ஒரு கேள்வி கேட்டுப் பார்: "நான் எங்கே கோடு போட்டிருக்கேன்?" சம்பள நாள் அன்னைக்கா? ராத்திரி பதினோரு மணிக்கு மேல் போனிலா? மன்னிக்க மாட்டேன்னு வெச்சிருக்கிற ஒரு ஆள் மேலயா? "ஆண்டவரே, இந்த ஒரு அறைக்குச் சாவி கேட்காதீங்க"ன்னு நாம சொல்ற இடம் ஒவ்வொருத்தருக்கும் ஒன்று இருக்கும். ஜெபத்தில் அதைப் பேரைச் சொல்லிச் சொல்லு. கொடுக்க முடியலைன்னாலும், "கொடுக்க முடியலை"ன்னே சொல்லு. மறைச்சு வைக்கிறதைவிட அது ஒன்றான இருதயத்துக்கு நெருக்கம்.

இரண்டாவது, இந்த வாரம் ஒரு சாதாரண வேலையை எடுத்துக்கோ. யாரும் பார்க்காத, யாரும் நன்றி சொல்லாத வேலை. பிஜியில் எல்லாரும் விட்டுட்டுப் போற அந்த சிங்க். டீமில் யாரும் தொடாத அந்தப் பழைய பக். ஜெபத்துக்கு வெளியில் இருக்கிற வேலையா நினைக்காம, ஜெபத்துக்கு உள்ளே இருக்கிற வேலையா அதைச் செய். பொன்னம்மாள் பால் கலக்கின மாதிரி.

மூன்றாவது, உன்னால் எதுவும் செய்ய முடியாத காலம் வந்தா, வரும், அதை லீவுன்னு நினைக்காதே. வேலை போன மாசம், உடம்பு படுத்த வாரம், மனச்சோர்வில் வேதத்தைத் திறக்கக்கூட முடியாத நாள். அப்போ உன் கையில் இருக்கிறது இரண்டு காசுதான். அது போதும். தேவைப்பட்டா டாக்டரைப் பார், கவுன்சிலரைப் பார். அது விசுவாசக் குறைவு இல்லை. ஏமியைச் சுற்றி அத்தனை வருஷமும் டாக்டர்களும் நர்ஸ்களும் இருந்தார்கள்.

கடைசியா எங்க அப்பா. ஒரு நாள் அவர் காலைத் துடைச்சுட்டு இருந்தேன். "ஏல, உனக்குச் சோலி இல்லையா? மெட்ராஸ் போ. எனக்காக ஊழியத்தை விட்டுட்டு இங்க கெடக்க"ன்னார். நான் ஏதாவது ஆவிக்குரிய பதில் சொல்லியிருக்கணும். சொல்லலை. "காலைத் தூக்குங்கப்பா"ன்னு மட்டும் சொன்னேன். கைத்துண்டைப் பிழிஞ்சுட்டு இருக்கிறப்போதான் யோவான் 13 ஞாபகம் வந்தது. துண்டு, தண்ணீர், கால். நான் லீவில் இல்லைன்னு அப்போதான் புரிஞ்சது.

அப்பா இப்போ கம்பு ஊன்றி வாசல்வரை நடக்கிறார். நான் சென்னைக்கு வந்துட்டேன், பாட்காஸ்ட் திரும்ப ஓடுது. இரண்டு இடத்தையும் ஒரே இருதயமா வெச்சுக்க இன்னும் கத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சில நாள் வருது, சில நாள் வரலை.

உங்க கோடு எங்கே இருக்குன்னு யோசிங்க. சொல்லணும்னு தோணினா எங்களுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க, பேர் சொல்லாம அனுப்பினாலும் சரிதான். அடுத்த எபிசோடில் சந்திப்போம். ஆண்டவர் உங்களோடு இருப்பாராக.